பாவு பிணைக்கிறவளுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

— அதாவது சசி, ஹேமா வந்தா நான் குளிச்சிகினு இருக்கேன்னு சொல்லிடு.

— காலையில ஏழு மணிக்கே குளிச்சீங்க. இப்ப பதினொண்ணு. ஞாயித்துக்கெழம ரெண்டு தபா குளிக்கணும்னு உங்க ஆரணி ஜாகீர் ரெக்கார்டுல போட்டிருக்குதா?

— அப்ப வெளிய போயிருக்கேன்னு சொல்லு. காலேஜ்ல மீட்டிங்னு.

— நீங்க வீட்லதான் இருக்கீங்கன்னு இப்பத்தான் ஃபோன்ல சொன்னேன். முள்ளிப்பட்டுலேர்ந்து பஸ் ஏறிட்டாளாம். "அண்ணாவ நேர்ல பாத்துப் பேசணும் அண்ணி, எங்கயும் அனுப்பிடாதீங்க"ன்னா.

— எங்கயும் அனுப்பிடாதீங்கன்னா? அப்படியேவா சொன்னா? குரல் எப்படி இருந்துச்சு?

— குரலு இன்னா, எப்பவும் போலதான். டிரைவரு ஹாரன அமுக்கிகினே இருந்தான், அதுக்கு மேல எனக்குக் கேக்கல. இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? வியாழக்கெழம அந்த ஆராய்ச்சி கிராண்டு லிஸ்டு வந்ததுலேர்ந்து சரியா சாப்படல, பேசல. நேத்து நான் வாட்ஸப் வீடியோவுல கஸ்டமருக்கு பட்டுப்புடவை காட்டிகினு இருக்கறப்ப பின்னாடி வந்து நின்னுகினு பெருமூச்சு விடறீங்க. வேலூர் கஸ்டமர் ஒருத்தங்க, வீட்ல ஏதாவது துக்கமான்னு கேக்கறாங்க.

— துக்கம்தான். எனக்குக் கெடைக்கல இல்ல.

— உங்களுக்குக் கெடைக்கலன்னு துக்கமா, அவளுக்குக் கெடச்சுதுன்னு துக்கமா?

— ரெண்டும் ஒண்ணுதானே.

— இல்லீங்க. மொதலது துக்கம். ரெண்டாவதுக்கு பேரு வேற.

— சொல்லு, வயித்தெரிச்சல்னு சொல்லு. ஆமா சசி, எரியுது. இல்லேன்னு சொன்னா நீ நம்பப் போறியா? வெப்சைட்ல லிஸ்ட் போட்டான். என் பேரத் தேடி மேலேர்ந்து கீழ போனேன், கீழேர்ந்து மேல வந்தேன். ரெண்டு தபாவும் அவ பேருதான் கண்ணுல பட்டுது. மூணாவது பேரு. கே. ஹேமலதா, முள்ளிப்பட்டு, ஆரணி. ஊரு பேரோட போட்டிருக்கான்.

— நல்லதுதானே. நம்ம ஊரு.

— நம்ம ஊருக்கு ஒண்ணுதான் குடுப்பான். அது உனக்குத் தெரியாது. வரலாறுல எம்.ஏ. முடிச்சவங்களும் போடலாம், என்னாட்டம் பிஎச்டி முடிச்சவங்களும் போடலாம், ஆனா முடிச்சு எட்டு வருஷத்துக்குள்ள இருக்கணும். எனக்கு ஏழு ஓடிப்போச்சு. இந்த அறக்கட்டளை ஒண்ணுதான் தமிழ்லயே எழுதி அனுப்பலாம்னு சொன்னது. அடுத்த வருஷம் விட்டா, அப்புறம் நான் இளம் ஆய்வாளர் கெடையாது. வெறும் கௌரவ விரிவுரையாளர்தான், சாகற வரைக்கும்.

— அடுத்த வருஷம் போடுங்க.

— அவ இருபத்தாறு வயசு, சசி. காலையில வீடு வீடா தறிக்கு பாவு பிணைக்கப் போறா, மத்தியானம் காலேஜுக்கு ஓடறா. பிஎச்டி இப்பத்தான் பதிஞ்சா, அதுவும் பார்ட் டைம். நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல எத்தினி வருஷம் தூசி தின்னேன்? தும்மி தும்மி மூக்கே மாறிப்போச்சு. ஆரணிய ஆண்ட ஜாகீர்தாருங்க காலத்து கடுதாசி ஒவ்வொண்ணையும் கையால எழுதி எடுத்தேன். இவ ஒரே ஒரு தபா போட்டா, கெடச்சுடுச்சு.

— சரி, எரிச்சல் படறீங்க, படுங்க. அதுக்கு ஏன் ஒளியணும்? அவளுக்கு பரிந்துரை லெட்டரே நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?

— ம்.

— ம்முன்னா? நல்லாதானே எழுதினீங்க?

— நல்லான்னா... அதாவது, உண்மைய எழுதினேன்.

— நீங்க உண்மைன்னு சொன்னாவே எனக்கு பேஜாரா கீது. இன்னா எழுதினீங்க?

— பரிந்துரைக் கடிதம்னா நடுநிலையா இருக்கணும் சசி. அதுல புகழ்ச்சி கூடாது.

— இன்னா எழுதினீங்க?

— "இவர் வீடு வீடாகப் போய்ச் சும்மா பாவு பிணைக்கும் பெண். ஆவணக் காப்பகத்துக்கு ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார். அரசாங்கப் பதிவு ஒன்றைக் கையில் கொடுத்தால், அதைக் கொண்டுபோய் வயதான பெண்களிடம் காட்டி, இது சரியா தப்பா என்று கேட்கிறார். சமையல்கட்டில் உட்கார்ந்து வம்பு கேட்பதை வரலாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தேறுவதற்கு இன்னும் மூன்று நான்கு வருடமாகும்." அவ்ளோதான்.

— அவ்ளோதானா. மனப்பாடமா வேற இருக்குது.

— மறக்க மாட்டேங்குது.

— நீங்களும் அதே கிராண்டுக்கு போட்டிருக்கீங்கன்னு அவளுக்கு சொன்னீங்களா?

— கேட்டா சொல்லியிருப்பேன்.

— எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒம்போது நாளு டிபன் கேரியர் தூக்கினு வந்தவ அவ. கூடப் பொறந்த அண்ணனுக்குக் கூட இப்படி செய்ய மாட்டாங்க. இது தெரிஞ்சா உங்க மூஞ்சில முழிப்பாளா? என் மூஞ்சில முழிப்பாளா?

— தெரியாது சசி. அது ரகசியக் கடிதம். நேரா அறக்கட்டளைக்குப் போயிடும், எழுதினது இன்னான்னு போட்டவங்களுக்குக் காட்ட மாட்டாங்க.

— அப்பறம் எதுக்கு ரெண்டாவது குளியலு?

— அண்ணி, கதவு தொறந்தே கெடக்குது, வரலாமா?

— வா ஹேமா, வா. இன்னாடி, வேர்த்து ஊத்துது, நடந்தேவா வந்த?

— பஸ்சு சேவூர் உள்ள வரலண்ணி, ரோட்லயே இறக்கி விட்டுட்டான். நெல்லு லாரி ஒண்ணு குறுக்கால நின்னுகினு இருக்குது. அண்ணா இல்லீங்களா?

— தோ, கதவுக்குப் பின்னாடி பனியன மாட்டிகினு இருக்காரு. வாங்க டாக்டர் சார், உங்க ஹேமா வந்துட்டா.

— வாம்மா. வாழ்த்துகள். ரொம்ப... அதாவது, ரொம்ப சந்தோஷம்.

— இன்னாண்ணா, சந்தோஷம்னு சொல்றீங்க, மூஞ்சி தொங்கிப் போயி கீது. ஜுரமா?

— ஜுரம் இல்ல ஹேமா, மூணு நாளா அவருக்கு வயித்துல எரிச்சல்.

— மோர் குடிங்கண்ணா. பெருங்காயம் போட்டு குடிச்சா நின்னுடும். இந்தாங்க, மொதல்ல இத்த புடிங்க. ஆற்காட்டு மக்கன் பேடா. எங்க நைனாவுக்குக் கூட இன்னும் பொட்டியத் தொறக்கல. களம்பூர் மில்லுக்குப் போறப்ப ஒண்ணு குடுன்னாரு, அண்ணாவுக்கு குடுத்துட்டுதான்னு சொல்லிட்டேன்.

— எனக்கு எதுக்கும்மா மொதல்ல?

— உங்க லெட்டர்தாண்ணா எனக்கு இந்த கிராண்ட வாங்கிக் குடுத்துது.

— எந்த லெட்டர்?

— எனக்கு எத்தினி லெட்டர்ணா எழுதினீங்க நீங்க?

— இல்ல, நம்ம கைடு ராஜவேலு சாரும் குடுத்திருப்பாரே, அதச் சொல்றியோன்னு.

— சாரு லெட்டரா? அவரு ஒட்டாம என் கையிலயே குடுத்துட்டாரு. "கடின உழைப்பாளி, நன்னடத்தை உடையவர், பெரியோரிடம் பணிவு மிக்கவர்." பேர மட்டும் மாத்தி எல்லாருக்கும் குடுக்கறாரு. என் லெட்டர்ல ஒரு எடத்துல 'இவன்'னு வந்திருக்குது அண்ணி, யாரோ பையனுக்கு அடிச்சத அப்படியே எனக்கு குடுத்திருக்காரு. உங்களுக்கும் அதேதானேண்ணா குடுத்தாரு?

— எனக்கா? அது எப்பவோ.

— எப்பவோ இல்ல ஹேமா, இதே கிராண்டுக்கு. உங்கண்ணனும் போட்டிருந்தாரு.

— சசி.

— இருக்கட்டும் விடுங்கண்ணா. கடைசி தேதி அன்னிக்கே ராஜவேலு சாரு சொல்லிட்டாரு. எனக்குதான் ஒரு மாதிரி ஆயிட்டுது. நீங்களும் போட்டிருக்கறப்ப, தெரியாம உங்ககிட்டயே போயி லெட்டர் கேட்டுட்டேனேன்னு. வேற யாராவதா இருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பாங்க.

— அப்படியெல்லாம் சொல்லிட முடியுமாம்மா.

— குந்து ஹேமா, நின்னுகினே பேசாத. லெட்டராலதான் கெடச்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அது ரகசியமா போறதுன்னு தோ இவரு இப்பத்தான் சொல்லிகினு இருந்தாரு.

— இன்டர்வியூல சொன்னாங்கண்ணி. வீடியோவுல நாலு பேரு குந்தினு இருந்தாங்க. நடுவுல ஒரு புரொபசர் அம்மா, தலைமுடி பூரா வெள்ளை, கண்ணாடிய மூக்கு நுனியில மாட்டிகினு. அவங்கதான் சொன்னாங்க, "உன் முன்மொழிவ நாங்க ரெண்டு தபா படிச்சோம், ஆனா முடிவெடுக்க உதவினது உங்க ஊருக்காரர் எழுதின லெட்டர்தான்"னு.

— லெட்டர்ல எத சொன்னாங்க? அதாவது, குறிப்பா.

— வீடு வீடா போயி பாவு பிணைக்கிற பொண்ணுன்னு எழுதியிருந்தீங்களாமே. அப்புறம் கெவுர்மெண்ட்டு தாள பொம்பளைங்ககிட்ட காட்டி, சரியா தப்பான்னு கேக்கறான்னு. அந்த ரெண்டையும் படிச்சிட்டு, "இதுக்கு நீ இன்னாம்மா சொல்ற"ன்னு கேட்டாங்க.

— நீ இன்னாடி சொன்ன?

— நெசம்தான் மேடம், எழுதினவரு ஒண்ணும் பொய் எழுதலன்னேன். காலையிலதான் ஒரு பாவு பிணைச்சு முடிச்சிட்டு வந்து குந்தினேன்னு விரல கேமரா கிட்ட காட்டினேன். இழைய முறுக்கறப்ப சாம்பல் தொடுவோமில்ல, கழுவியும் போவல. நாலு பேரும் முன்னாடி சாஞ்சு பாக்கறாங்க.

— பாத்தியா சசி. பாத்தியா? அதாவது ஹேமா, அத நான் யோசிச்சுதான் எழுதினேன். வேற எவனாவது எழுதியிருந்தா பேராசிரியர் போல அலங்காரமா எழுதியிருப்பான். நான் நேரா எழுதினேன். ஆவணத்த அப்படியே நம்பாம, மக்கள்கிட்ட போயி சரிபாக்கறது இருக்குதே, அதுக்கு வரலாறுல ஒரு மரியாதை இருக்குது. படிக்கறவனுக்கு மொதல்ல குறையாட்டம் தெரியும். விஷயம் தெரிஞ்சவனுக்குதான் அது பெருமைன்னு புரியும். அவங்களுக்குப் புரிஞ்சுது பாரு.

— அது சரி.

— இன்னா சசி, அது சரிங்கற?

— ஒண்ணுமில்ல. மூணு நாளா இருந்த எரிச்சலு மோரு கூட குடிக்காம நின்னுடுச்சேன்னு பாக்கறேன். ஹேமா, நான் படிக்காதவ, எனக்குப் புரியறாப்போல சொல்லு. நீ எதப் பத்தி எழுதப் போற?

— அண்ணி, எங்க ஊரு நெசவாளர் சங்கத்து அலமாரில பழைய கணக்கெடுப்புத் தாளு ஒரு கட்டு கெடச்சுது. அம்பத்தி மூணாம் வருஷத்துது. வீட்டுக்கு வீடு யாரு இருக்காங்க, இன்னா வேலைன்னு எழுதியிருக்காங்க. மொத வீடு, வேணுகோபால், தறி. அவரு தம்பி, தறி. பொண்டாட்டி ரேணுகாம்பாள், சும்மா.

— சும்மான்னா?

— அப்படிதாண்ணி எழுதியிருக்காங்க. வேலைங்கற கட்டத்துல 'சும்மா'. அடுத்த வீடு, புருஷன் தறி, அவ சும்மா. தெரு பூரா ஆம்பளைங்க தறி, பொம்பளைங்க சும்மா. பழைய பாவு தீந்து போனா, புது பாவோட ஒவ்வொரு இழையும் பழைய இழையோட பிணைக்கணும். நாலாயிரம், அஞ்சாயிரம் இழை. அது ஆவாம தறி ஒரு அடி நகராது. அத்த பிணைச்சவங்க எல்லாம் அந்தத் தாளுல சும்மா.

— எழுதினவன் எந்த வீட்ல நாஷ்டா தின்னுட்டு எழுதினானோ.

— நான் பிணைக்கப் போற வீட்ல எல்லாம் அந்தத் தாள ஃபோன்ல காட்டிகினே கேட்டேன். அம்மணின்னு ஒருத்தங்க, எழுவத்தஞ்சு வயசு இருக்கும், அவங்க அம்மா பேரு அதுல இருக்குது. பாத்துட்டு, "ஆமா, எங்கம்மா சும்மாதான் இருந்தா, அவ விரலுங்கதான் வேல செஞ்சுது"ன்னாங்க. அன்னிக்கே தலைப்பு வெச்சிட்டேன். முன்மொழிவோட பேரே 'சும்மா இருந்தவர்கள்'தான்.

— தலைப்பே அதுவா?

— இன்னாண்ணா புதுசா கேக்கறீங்க. லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி உங்களுக்குதானே மொதல்ல மெயில் பண்ணேன். பதிமூணு பக்கம்.

— ஆமா, ஆமா. படிச்சேன். அதாவது, தலைப்பு மட்டும் கொஞ்சம் மறந்துபோச்சு.

— ஏங்க, நீங்க லெட்டர்ல மொத வரியிலயே அந்த வார்த்தைய...

— சசி, மோர் கொண்டா. ஜல்தி. பெருங்காயம் போட்டு கொண்டா.

— கொண்டு வர்றேன். இங்கேர்ந்தே கேக்குது, பேசுங்க.

— அண்ணா, இன்னொரு விஷயம் பேசத்தான் நேர்ல வந்தேன். ஃபோன்ல சொன்னா சரியா இருக்காது.

— சொல்லும்மா.

— கிராண்டு வாங்கினவங்க ஒவ்வொருத்தரும் அடுத்த வருஷம் போடறவங்கள்ல ஒருத்தருக்கு பரிந்துரை எழுதலாமாம். இந்த வருஷம்தான் அப்படி ஒரு ரூல் போட்டிருக்காங்க. ராஜவேலு சாராட்டம் நன்னடத்தை, பணிவுன்னு எழுதினா எடுக்க மாட்டாங்களாம். ஆள தெரிஞ்சிருக்கணும், வேலைய தெரிஞ்சிருக்கணும், ரெண்டு பக்கம் எழுதணுமாம். அத்த ரொம்ப பெருசா எடுத்துக்கறாங்களாம். அந்தம்மாவே சொன்னாங்க, உனக்கு வந்தத பாத்தியே, அப்படி ஒரு லெட்டருதான் எங்களுக்கு வேணும்னு.

— அப்படியா.

— உங்களுக்கு சொல்லணும்னு தோணுச்சு.

— ஹேமா, உன்கிட்ட மறைக்க இன்னா இருக்குது. எனக்கு அடுத்த வருஷம்தான் கடைசி. பிஎச்டி முடிச்சு எட்டு வருஷம் ஆயிடும். அதுக்கப்புறம் இந்தக் கதவு மூடிடும். மத்த எடத்துல எல்லாம் இங்கிலீஷ்ல கேப்பான், பெரிய யூனிவர்சிட்டி ஆளுங்களா பாத்துக் குடுப்பான். ஜாகீர் ரெக்கார்டு வேலை முழுக்க பொட்டியில கெடக்குது. அதாவது, முடிக்காமலே போயிடுமோன்னு எனக்கு பயமா இருக்குது.

— தெரியும்ணா. நீங்க எத்தினி வருஷமா அதுல உழைச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா.

— அப்ப, நீ எனக்கு எழுதுவியா?

— உங்களுக்கு எழுதாம வேற யாருக்குண்ணா எழுதப் போறேன். அதுக்குதானே வந்தேன்.

— மோரு இந்தாங்க. ஹேமா, உனக்கும். கேட்டுகினேதான் வந்தேன். உன் மனசு யாருக்கும் வராதுடி. ஏங்க, நீங்க இப்பவாவது அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க.

— இன்னா வார்த்த சசி?

— உங்களுக்குத் தெரியும்.

— அதெல்லாம் இப்ப எதுக்கு. நல்ல விஷயம் பேசிகினு இருக்கோம். ஹேமா, நீ ரொம்பப் புகழ வேணாம். பெருசா எழுதினா நம்ப மாட்டாங்க. நடுநிலையா இருந்தா போதும்.

— நீங்க எனக்கு எழுதின மாதிரியே எழுதிடறேண்ணா.

— அது போதும்மா. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்.

— அந்தம்மா லெட்டர முழுசாதாண்ணா எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. கடைசி வரியில நான் தேற இன்னும் மூணு நாலு வருஷம் ஆவும்னு போட்டிருந்தீங்களே, உங்களுக்கு எத்தினி வருஷம்னு போடட்டும்?